விலை குறைந்த ஹெபடைடிஸ் மாத்திரையை நம்பலாமா?

வாசகர் கேள்வி: என் கணவருக்கு வயது 46. ஒரு மருத்துவ முகாமில் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு எடுத்த வைரல் லோடு டெஸ்ட்டிலும் கிருமி இருப்பது உறுதியானது. சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் என்ற இரண்டு ஜெனரிக் (மூல பிராண்டு அல்லாமல் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும்) மாத்திரைகளை 12 வாரம் சாப்பிடும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். விலை எங்கள் சக்திக்குள் இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், "அமெரிக்காவில் இந்த மருந்து 84,000 டாலர். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் அதில் என்ன சத்து இருக்கும்?" என்கிறார். ஒரிஜினல் மருந்தை இணையத்தில் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றும் சொல்கிறார். வீட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, என் மாமியாருக்கு ஹெபடைடிஸ் பி உண்டு. ஆறு வருடமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறார். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று கேட்கிறார். என்ன சொல்வது?

கல்லீரல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டை அடகு வைக்க வேண்டாம். உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் மருந்துகள்தான். இரண்டுமே 2015-ல் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி இல்லை இது. வைரஸ் உடம்பை விட்டே போய்விடுகிறது.

ஆனால் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு ஹெபடைடிஸ் பி என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். பி வைரஸ் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியது. அந்த வயதில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். உங்கள் கணவருக்கு பி இருக்கிறதா என்று பார்த்தார்களா? கடிதத்தில் அது இல்லை. சி-க்கான மாத்திரைகள் சி வைரஸை மட்டுமே அழிக்கும். இரண்டும் ஒரே கல்லீரலில் இருந்தால் பெரும்பாலும் சி-யின் கை ஓங்கியிருக்கும், பி அடங்கிக் கிடக்கும். சி ஒழிந்ததும் பி தலைதூக்கலாம். அப்படித் தலைதூக்கியதில் சிலருக்குக் கல்லீரலே செயலிழந்திருக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் இதற்கான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

பி இருக்கிறதா என்று பார்க்க எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. செலவு குறைந்ததுதான். உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எடுத்திருக்கவும் கூடும், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், "என் மாமியாருக்கு பி இருக்கிறது, இவருக்கும் பார்க்க வேண்டாமா?" என்று கேளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. சி மருந்தோடு சேர்த்து பி-க்கும் மாத்திரை கொடுத்து, சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் கண்காணிப்பார்கள். தெரியாமல் தொடங்குவதில்தான் ஆபத்து.

சரி, விலைக்கு வருவோம். உங்கள் உறவினர் சொன்ன 84,000 டாலர் பொய்யில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிருக்கு அனுமதி கிடைத்தபோது கிலியட் நிறுவனம் ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர் என்று விலை வைத்தது. 12 வாரத்துக்கு 84 மாத்திரை. அந்தத் தொகை மாத்திரைக்குள் இருக்கும் பொருளின் மதிப்பு என்று அவர் நினைத்ததில்தான் தவறு. கிலியட் இந்த மருந்தைத் தொடக்கத்திலிருந்து தானே கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த ஃபார்மாசெட் என்ற சிறிய நிறுவனத்தைச் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அமெரிக்க செனட்டின் நிதிக்குழு இந்த விலை நிர்ணயத்தை ஒன்றரை ஆண்டு விசாரித்து 2015-ல் அறிக்கை வெளியிட்டது. நோயாளிகளில் எத்தனை பேரால் வாங்க முடியாமல் போகும் என்பது தெரிந்திருந்தும், வருமானத்தை அதிகமாக்குவதே நோக்கமாக இருந்தது என்று அந்த அறிக்கை சொன்னது.

மாத்திரையின் உண்மையான அடக்கம் எவ்வளவு? லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு 2014-ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. மூலப்பொருள், அதைச் சேர்க்கும் வேதியியல் படிகள், தேவைப்படும் அளவு எல்லாம் பார்த்து, 12 வார சோஃபோஸ்புவிரை 68 முதல் 136 டாலருக்குள் தயாரிக்கலாம் என்றது. நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம், 84 மாத்திரையில் 33.6 கிராம். டக்லாடாஸ்விர் 60 மில்லிகிராம் வீதம் மொத்தம் 5 கிராம் சொச்சம். ஒரு மனிதரைக் குணமாக்கத் தேவைப்படும் மருந்துப் பொருள் மொத்தமே 40 கிராமுக்குள்தான். ரசாயனக் கூடத்தில் தயாராகும் சின்ன மூலக்கூறுகள் இவை. மாட்டிலிருந்தோ செடியிலிருந்தோ பிழிந்தெடுக்கும் அரிய சாறு ஒன்றுமில்லை.

மலிவு மாத்திரை யாரோ ஒளிந்திருந்து காப்பியடித்தது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. நடந்தது அதுவல்ல. 2014 செப்டம்பரில் கிலியட் இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் சிலவற்றோடு உரிம ஒப்பந்தம் போட்டது. 91 வளரும் நாடுகளில் விற்றுக்கொள்ளலாம், விற்பனையில் 7 சதவீதம் ராயல்டி தர வேண்டும், விலையை அந்தந்த நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். அதோடு தயாரிப்பு முறையையும் முழுமையாகக் கற்றுக்கொடுப்பதாக ஒப்பந்தம் சொன்னது. அடுத்த ஆண்டு பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனம் டக்லாடாஸ்விருக்கான உரிமத்தை மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு அமைப்பு மூலமாக 112 நாடுகளுக்குத் திறந்துவிட்டது. பல கம்பெனிகள் ஒரே மருந்தைத் தயாரிக்க ஆரம்பித்ததும் போட்டி வந்தது, விலை சரிந்தது. 2023-ல் வளரும் நாடுகளுக்காகப் பேசி முடித்த ஒப்பந்தத்தில் இரண்டு மருந்தும் சேர்ந்த 12 வார கோர்ஸ் 60 டாலருக்கு வந்திருக்கிறது. ஹில் குழு போட்ட கணக்கைவிடவும் அது குறைவு.

இது தானாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 91 நாடுகள் பட்டியலில் மலேசியா இல்லை. உலக வர்த்தக அமைப்பின் 2001 தோஹா பிரகடனம் உறுதிசெய்த உரிமையைப் பயன்படுத்தி, 2017-ல் மலேசிய அரசு காப்புரிமையைத் தாண்டி ஜெனரிக் சோஃபோஸ்புவிரை வாங்க உத்தரவு போட்டது. ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை எகிப்திய நிறுவனத்தோடும் லாபநோக்கமற்ற ஆய்வு அமைப்போடும் சேர்ந்து சோதித்து, 2021-ல் பதிவும் செய்தது. எளிய குடும்பங்களுக்கு இந்த மாத்திரை எட்டும் விலையில் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் நோயாளிகளின் அமைப்புகள், வழக்கறிஞர்கள், அரசு அதிகாரிகள் பலர் வருடக்கணக்கில் போட்ட சண்டை இருக்கிறது. அதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

ஜெனரிக் மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்டால், நான் எகிப்தைத்தான் காட்டுவேன். நைல் நதிக்கரையில் நத்தைகள் மூலம் பரவும் ஒருவகை ஒட்டுண்ணி நோய்க்காக 1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நோயை ஒழிக்கப் போய் இன்னொன்று ஊருக்குள் வந்தது. உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. 2014-ல் ஒரிஜினல் மருந்தை ஒரு மாதத்துக்கு 300 டாலர் என்று பேசி வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு உள்நாட்டு நிறுவனங்களே சோஃபோஸ்புவிரையும் டக்லாடாஸ்விரையும் தயாரித்தன. 2018 அக்டோபரிலிருந்து ஏழே மாதத்தில் ஏறத்தாழ 5 கோடி பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு இலவச மருந்து. இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள், பெரும்பாலோர் குணமும் அடைந்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-யை ஒழிக்கும் பாதையில் உலக சுகாதார நிறுவனத்தின் தங்கத் தர அங்கீகாரம் பெற்ற முதல் நாடு எகிப்து, 2023-ல். உங்கள் கணவருக்கு எழுதியிருக்கும் அதே இரண்டு ஜெனரிக் மாத்திரைகள்தான் இதில் பெரும்பங்கு வேலையைச் செய்தவை.

உங்கள் உறவினர் "80 முதல் 125 சதவீதம்" என்ற எண்ணையும் ஒருநாள் கொண்டு வரலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜெனரிக் மாத்திரையில் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு முறை ஒரிஜினலையும், சில நாள் இடைவெளி விட்டு ஜெனரிக்கையும் கொடுத்து, சில மணிநேரங்களுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு உயரம் ஏறியது, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று ஒரிஜினலுக்கு ஒன்று, ஜெனரிக்குக்கு ஒன்றாக இரண்டு கோடு வரைவார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் வந்தால் போதாது. ஆளுக்கு ஆள் வரும் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்த்து, புள்ளியியல் வரம்பு முழுவதுமே 80-க்கும் 125-க்கும் நடுவில் அடங்க வேண்டும். சராசரியே 20 சதவீதம் குறைந்துவிட்டால் இந்தப் பரிசோதனையில் தேறவே முடியாது. அமெரிக்காவில் இப்படிச் செய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரிஜினலுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

ஒரிஜினல்தான் வேண்டும் என்றாலும், உங்கள் கணவரின் சீட்டில் இருக்கும் டக்லாடாஸ்விரின் மூல பிராண்டை அதைக் கண்டுபிடித்த நிறுவனமே 2019-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. பாதுகாப்புக் குறை எதுவும் காரணமில்லை. புதிய மருந்துகள் வந்ததும் விற்பனை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இன்று உலகில் இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஜெனரிக்தான் சாப்பிடுகிறார்கள்.

இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஒரிஜினலை மட்டும் தொடவே வேண்டாம். போலி தயாரிப்பவர்கள் லாபம் அதிகமுள்ள பொருளைத்தான் தேடிப் போவார்கள். 2017 ஜனவரியில் ஜப்பானில், மிகக் கடுமையான மருந்துக் கட்டுப்பாடு உள்ள நாட்டில், ஹெபடைடிஸ் சி மருந்தின் போலி பாட்டில்கள் மருந்துக்கடையிலேயே சிக்கின. போலி செய்தது விலை உயர்ந்த ஒரிஜினல் பிராண்டை.

எனவே விலையை வைத்து மருந்தை எடைபோடாமல், அது வந்த வழியைப் பாருங்கள். அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல வளரும் நாடுகளில் கிடைக்கிறது. இந்தியாவின் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. வெளியில் வாங்குவதாக இருந்தால் உரிமம் பெற்ற கடையில், பில்லோடு வாங்குங்கள். பில்லில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பாட்டிலில் வருவது பெரும்பாலும் 28 மாத்திரை. மூடியைத் திறந்ததும் வாயில் ஒட்டியிருக்கும் சீல் தாள் கிழியாமல் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், மில்லிகிராம், தயாரித்த நிறுவனத்தின் முழு முகவரி, காலாவதித் தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். முதல் பாட்டிலும் இரண்டாவது பாட்டிலும் ஒரே நிறுவனமாக இருந்தும் மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் சாப்பிடுவதற்கு முன் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் தானே ஆய்வு செய்து முன்தகுதி கொடுத்த தயாரிப்புகளும் உண்டு. ஜெனரிக் சோஃபோஸ்புவிரில் அப்படி முதலில் தகுதி பெற்றது 2017-ல். உங்கள் மருந்தாளரிடம் அப்படிப்பட்ட தயாரிப்பு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

கணவர் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாஸெபின், ஃபெனிடாயின் இவையெல்லாம் ஹெபடைடிஸ் மருந்தை உடம்பு சீக்கிரமே வெளியேற்றும்படி செய்துவிடும். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கடையில் டக்லாடாஸ்விர் இல்லை, வெல்பாடாஸ்விர் தரட்டுமா என்று கேட்டால் நீங்களாகச் சம்மதிக்காதீர்கள். அதுவும் அருமையான மருந்துதான், ஆனால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது. மூலிகை மருந்து எதையாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்பதையும் தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகியிருந்தால் 12 வாரம் போதாமல் போகலாம். தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வசதி இல்லையென்றால், ஏ.எஸ்.டி. என்ற நொதியின் அளவையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் வைத்தே ஓரளவு கணக்கிடலாம்.

மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நிறுத்தக் கூடாது. மகனுக்கு வந்த நோய் 12 வாரத்தில் குணமாகும்போது தனக்கு மட்டும் ஏன் ஆறு வருடம் என்று அவருக்குத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் இரண்டும் வேறு வைரஸ். பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தன் மூலப் பிரதியைப் பதுக்கி வைத்துக்கொள்ளும். டெனோஃபோவிர் அதிலிருந்து புதிய வைரஸ் உருவாகாமல் தடுக்கிறது, பதுங்கியிருப்பதை அழிப்பதில்லை. ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் திரும்பக் கிளம்பி, கடுமையான காமாலையில் கொண்டுபோய் விடலாம். குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும், பல டெஸ்ட் எடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவது உண்டு. வீட்டில் எடுக்கும் முடிவு அல்ல அது.

செலவுதான் காரணம் என்றால் அங்கேயும் நல்ல செய்தி இருக்கிறது. டெனோஃபோவிர் முதலில் எச்.ஐ.வி.க்காக வந்த மருந்து. அதற்காக உலகம் முழுக்க மொத்தமாக வாங்கியதில் விலை தரைக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை மாதத்துக்கு 2.4 டாலர் என்று ஒரு அளவுகோல் விலை சொல்கிறது. அப்படியிருந்தும் பி உள்ள 25 கோடிப் பேரில் நூற்றுக்கு மூன்று பேர்தான் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று அதே அறிக்கை சொல்வதைப் படிக்கும்போது மனம் ஆறவில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது மாமியாருக்கு கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள், டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் எண்டெகாவிர் போன்ற மாற்று இருக்கிறது, அதுவும் ஜெனரிக்கில் கிடைக்கிறது. இன்னும் மலிவு என்று லாமிவுடினை மட்டும் தனியாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்குள் பத்தில் ஏழு பேருக்கு அதற்கு வைரஸ் பழகிவிடுகிறது.

கணவர் விஷயத்தில் கடைசியாக ஒன்று. நான் பார்க்கும் நோயாளிகளில் பலர் மூன்றாவது பாட்டில் முடிந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு டெஸ்ட் ஒன்று எடுக்க வேண்டும். அதில் வைரஸ் இல்லை என்றால்தான் குணம் என்று சொல்வோம். ஜெனரிக்கா, ஒரிஜினலா என்ற உங்கள் உறவினரின் சந்தேகத்துக்கும் அந்த ஒரு தாள்தான் பதில். மறந்துபோய் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துவிடாதீர்கள், அது குணமான பிறகும் பாசிட்டிவ் என்றே வரும், வீணாகப் பயந்துபோவீர்கள். ஏற்கெனவே சிரோசிஸ் இருந்தால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தொடர வேண்டும்.

அப்புறம், நீங்களும் பிள்ளைகளும் பி, சி இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பி இல்லாதவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, குணமானவருக்கும் திரும்பத் தொற்றலாம். அதனால் ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ இரண்டுமே பரவாது. அதற்காக அவரை ஒதுக்கி வைக்க வேண்டாம்.